பின்சுவை உள்ளவரை வெயில்

போன வருடத்துக்கு முந்திய ஜனவரியில், ஒஸ்லோ நகரம் மைனஸ் பதினெட்டில் விறைத்துக் கிடந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், எல்லிங்ஸ்ருட் புறநகரில் நாலாம் மாடி வீடொன்றின் ஹோலுக்குள் டெக்சாஸ் மாநிலத்து வெயில் அடித்தது. வீட்டுக்காரி சிறிதேவி அண்ணாந்து பார்த்தாள். சோபாவைச் சுவரோடு தள்ளினாள். பாயை விரித்து, மோரில் ஊறிக்கொண்டிருந்த மிளகாயை எடுத்துவந்து பரப்பினாள். அந்தக் கிழமை கடைகளில் கத்தரிக்காய் கிடைக்கவில்லை என்பதும், நிலக்கீழ் ரயில் பாதி வழியில் நின்று சனத்தை இறக்கிவிட்டது என்பதும் அதே காலத்துச் செய்திகள். வெயில் மூன்று பாய் அகலத்துக்கு விழுந்தது. அதற்கு அப்பால், தொலைக்காட்சி இருந்த மூலையில், வழக்கமான நோர்வே இருட்டுத்தான்.

காரணம், சிறிதேவியின் வாயில் அப்போது நின்ற ஒரு மிடறு ஜின்னின் ருசி. அவள் குடிப்பவள் அல்லள். இரசாயனம் படித்தவள். மீனெண்ணெய்க் குளிகை செய்யும் ஒரு கம்பனியின் ஆய்வுகூடத்தில் இருபது வருடத்துக்கு மேலாக எண்ணெயைச் சுவைத்து, கெட்டதா இல்லையா என்று சொல்வது அவளுடைய உத்தியோகம். மீன் ஈரல் எண்ணெயைத் தினமும் வாயில் வைத்த நாக்குக்கு உலகத்தில் வேறு எதைக் கண்டும் பயமில்லை. அதனால்தான், அமெரிக்காவில் காய்ச்சிய ஜின்களை ஒஸ்லோவில் ருசிபார்த்துத் தரம் பிரிக்கும் போட்டி ஒன்று தொடங்கியபோது, நடுவர் குழுவில் அவளுக்கும் ஒரு கதிரை கிடைத்தது. அமெரிக்க ஜின்னுக்கு நோர்வேயில் ஏன் போட்டி என்று யாரும் கேட்கவில்லை. போட்டி இருந்தால் விழா இருக்கும், விழா இருந்தால் மேடை இருக்கும், மேடை இருந்தால் ஏறுவதற்கு ஆள் இருக்கும். உலகம் இப்படித்தான் ஓடுகிறது.

ஜின்னை எடைபோடுவது எப்படியென்றால், கொஞ்சம் தண்ணீர் விட்டு மணந்து, ஒரு மிடறு வாயில் வைத்து, நாக்கு முழுவதும் உலாவவிட்டு, துப்பிவிட வேண்டும். கோயிலுக்கு வரும் பெண்கள் இதைப் பற்றிக் கூடிக் கதைத்து, துப்பியது குடித்ததாகாது, வாய் கொப்பளித்தவன் கிணற்றைக் குடித்தான் என்று ஆரும் சொல்வதில்லையே என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் துப்பவும் கூடாது என்ற அவர்களுடைய திருத்தத்தைச் சிறிதேவி ஏற்றுக்கொண்டாள். ஜின்னில் முதலில் தேடவேண்டியது யூனிப்பர். முட்செடி ஒன்றின் கறுத்த காய், எல்லிங்ஸ்ருட் காட்டோரத்தில் தன்பாட்டில் வளர்வது. அது இல்லாவிட்டால் அது ஜின் இல்லை, வாசனை போட்ட சாராயம். பிறகு கொத்தமல்லி, ஏலம், தோடம்பழத் தோல். முதல்முறை மணந்தபோது, புளியும் உப்பும் விட மறந்த ரசம் என்று சிறிதேவி சொல்லிவிட்டாள். நடுவராக அவள் வாயிலிருந்து வந்த ஒரே பொறுப்பற்ற பேச்சு அதுதான், அதுவும் பிழையில்லை. அமெரிக்கர்கள் யூனிப்பரைக் குறைத்து ஊரைக் கூட்டுவார்கள். பாலைவனத்துக்காரன் தன் பற்றைச் செடியைப் போடுவான், கடற்கரைக்காரன் பாசியைப் போடுவான், கள்ளிப்பழம் உள்ளவன் கள்ளிப்பழத்தைப் போடுவான். துப்பிய பிறகு நாக்கில் எவ்வளவு நேரம் ருசி நிற்கிறதோ அதற்குப் பின்சுவை என்று பெயர். மற்ற நடுவர்களுக்கு அது ஒரு நிமிடமோ இரண்டோ. சிறிதேவிக்கு, தண்ணீர் குடிக்காமலும் வாய் திறந்து கதைக்காமலும் இருந்தால், நல்ல ஜின் பொழுதுபடும்வரை நிற்கும். அது நிற்கும்வரை, அந்த ஜின்னைக் காய்ச்சிய நாளில் காய்ச்சிய ஊரில் என்ன வானிலையோ அது அவளைச் சுற்றி நிற்கும்.

இது முதலில் தெரியவந்தது மேன் மாநிலத்து ஜின் ஒன்றால். நோய்க்காலத்தில் தொடங்கிய வழக்கப்படி, நடுவர்களுக்கு இலக்கமும் மாநிலத்தின் பெயரும் மட்டும் ஒட்டிய குட்டிப் போத்தல்கள் பெட்டி பெட்டியாக வீட்டுக்கே வரும். குசினி மேசையில் வைத்து அதைச் சுவைத்தபோது கடல் மூடுபனி எழும்பி, கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணி அடித்தது. தீயணைப்புப் படையினர் வந்தார்கள், மூடுபனியைப் பார்த்தார்கள், ஈரம் சுவருக்குக் கூடாது என்று யன்னலைத் திறந்துவைக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். காலநிலை பற்றி நோர்வேயில் ஆரும் ஆச்சரியப்படுவதில்லை. அதற்கேற்ற உடுப்பு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

சிறிதேவிக்கு இந்த வரத்தால் பெருமை ஒன்றும் வரவில்லை. அவளுக்கு அப்போது ஒரே ஒரு காரியம்தான் வேண்டியிருந்தது. கட்டிலில் சுவரைப் பார்த்தபடி கிடக்கும் புருசன் எழும்ப வேண்டும்.

புருசன் குகநேசன் தபால் பிரிக்கும் நிலையம் ஒன்றில் முப்பது வருடம் வேலை செய்தவர். ஆனால் அது அவருடைய உடம்பு செய்த வேலை. உயிர் செய்த வேலை சங்கங்களில். அவர் தலைவராக இருந்த சங்கங்கள் ஆறு. ஒவ்வொன்றும் உடைந்தபோது பெரிய துண்டை அவரே எடுத்துக்கொண்டு, அதற்கு இன்னும் நீளமான பெயர் வைத்தார். ஹோலில் கண்ணாடி அலுமாரி நிறைய நினைவுக் கேடயங்கள். அதற்குக் கீழே, மடித்து அடுக்கிய பொன்னாடைகள் ஒரு சின்னப் புடைவைக் கடைக்குக் காணும். அவர் எங்கேயாவது பேச எழும்பினால், அவையோர் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஆறுதலாகச் சாய்ந்து இருப்பார்கள். ஏழாவது சங்கத்தின் பெயர் சங்கங்களின் ஒருங்கிணைப்பு மையம். நவம்பர் மாத ஆண்டுக் கூட்டத்தில், மதுரன் என்ற தன் மகள் வயதுப் பெடியனிடம், தலைவர் பதவிக்குக் கையை உயர்த்தும் வாக்கெடுப்பில், குகநேசன் தோற்றார். வீட்டுக்கு வந்தார். கோட்டைக் கொழுவினார். கழுத்துப்பட்டியோடு கட்டிலில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பினார். முதலில் கோபம் என்றார்கள், பிறகு தடிமன் என்றார்கள், கடைசியில் வைத்தியர் வந்து குளிர்கால மனச்சோர்வு என்றார்.

தேர்தல் ஒரு சாட்டு என்று சிறிதேவிக்குத் தெரியும். நவம்பர் வந்தால் அவருக்குள் வருடாவருடம் இருட்டு இறங்கும். முன்னைய வருடங்களில் நிர்வாகசபைக் கூட்டம், பொதுக்கூட்டம், பொதுக்கூட்டத்தைக் கூட்டுவதற்கான கூட்டம் என்று ஏதாவதொன்று அவரைக் காதில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். இந்த முறை இழுக்க ஆளில்லை. நகரின் தென்பக்கம் மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் மகள் சோபிகா வார இறுதியில் வந்து, தகப்பனின் கட்டிலடியில் வெள்ளை விளக்கு ஒன்றைக் கொழுவினாள். "லேகே சொன்னவர், அப்பாக்கு வெளிச்சம்தான் மருந்தாம். ஒவ்வொரு நாளும் காலமை போட்டுவிடுங்கோ அம்மா" என்றாள், வைத்தியரை நோர்வே மொழியில் லேகே என்றே சொல்லிப் பழகியவள். குகநேசன் அந்த விளக்கையும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார். சுவர் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

ஆகவே சிறிதேவி ருசியை வாயில் வைத்துக்கொண்டு படுக்கையறைக்கு நடந்தாள். நியூ மெக்சிகோ ஜின்னால் பாலைவனத்து வெளிச்சம் போர்வை மேல் விழுந்தது. போர்வை தலைக்கு மேலே போனது. கென்டக்கி ஜின்னால் இடி முழங்கியது. "சத்தம் போடாதையும்" என்றார் குகநேசன். மின்னசோட்டா ஜின் பனியைப் பொழிந்தது. வெளியில் கிடப்பது போதாதா என்று சிறிதேவியே வாய் கொப்பளித்தாள். ஹவாய் ஜின்னால் ஹோலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே வானவில் ஒன்று வளைந்து நின்றது. அதன் ஒரு நுனி அலுமாரிக்குள் கேடயங்களின் மேல் முடிந்தது. வானவில் முடியும் இடத்தில் புதையல் இருக்கும் என்பது வெள்ளைக்காரர் கதை. அங்கே புதையல் இருப்பதாக எண்ணத்தக்கவர் வீட்டில் ஒருவர்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு நெப்ராஸ்கா. அந்த ஜின் காய்ச்சிய நாளில் அங்கே ஆலங்கட்டி மழை. தேசிக்காய் அளவில் விழுந்த கட்டிகள் அலுமாரிக் கண்ணாடியை உடைத்து, கேடயங்கள் சிலதைப் பிளந்தன. சிறிதேவி கையில் அகப்பட்ட பொன்னாடைகளை எடுத்து நிலத்தைத் துடைத்தாள். சரிகை தண்ணீரை உறிஞ்சாது என்பது அன்றுதான் தெரிந்தது. என்ன உடைந்தது என்று அவர் உள்ளேயிருந்து கேட்பார் என்று காத்திருந்தாள். எந்தக் கேடயம் என்றுகூடக் கேட்கவில்லை. அப்போதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது.

டெக்சாஸ் ஜின் வந்தது இதற்குப் பிறகு. படுக்கையறைக்குக் கொண்டுபோகுமுன் எப்படிப்பட்ட வெயில் என்று பார்க்க ஹோலில் ஒரு மிடறு சுவைத்தாள். நல்ல வெயில் என்றபடியால் மிளகாயையும் போட்டுவிட்டு, கதவைத் திறந்து அவரைப் பார்த்தாள். "கதவைச் சாத்தும், கண் கூசுது" என்றார். சாத்தினாள். ஆனால் அந்த வெயில் பல்கனிக் கண்ணாடியையும் தாண்டிக் கொஞ்சம் வெளியே போயிருந்தது. பல்கனியில் உறைந்திருந்த பனி உருகி, மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் பெரித் என்ற நோர்வேஜியக் கிழவியின் பூச்சட்டிகளுக்குள் சொட்டியது. முறைப்பாடு சொல்ல மேலே வந்த பெரித், திறந்த கதவினூடாக வெயிலைக் கண்டாள். முறைப்பாட்டை மறந்து திரும்பிக் கீழே போனாள். மறுபடி வந்தபோது சாய்வுக் கதிரையும், மான்தோலும், இரண்டு தோடம்பழமும் கொண்டுவந்தாள். ஈஸ்டர் விடுமுறைக்கு மலைக்குப் போய்ப் பனிமேல் வெயில் காய்கிறவர்களின் முறை அது. சூரியன் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது அந்த நாட்டில் மரியாதையில்லை. முகத்தைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். சிறிதேவி கதைக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டினாள். இரண்டு பெண்களும் பொழுதுபடும்வரை அப்படியே இருந்தார்கள். அந்தக் கட்டிடம் எழும்பிய நாளிலிருந்து அயலவர் இருவர் அவ்வளவு நேரம் ஒன்றாக இருந்தது கிடையாது.

போத்தலில் இன்னும் இரண்டோ மூன்றோ மிடறு இருந்தது. கடைசிச் சுற்றுப் பெட்டியில் அதே ஜின் முழுப் போத்தலாக வரும் என்று போட்டி விதிகளில் இருந்தது. சிறிதேவி நம்பியிருந்தது அந்தப் பெட்டியை. ஒரு போத்தல் கைக்கு வந்தால் மாசி முடியும்வரை நாளுக்கொரு மிடறாக வெயிலைக் கட்டிலுக்குக் கொண்டுபோகலாம். எந்த மனுசனும் எவ்வளவு நாளைக்குத்தான் கண் கூசுது என்று சொல்லுவான்?

இடையில் நடுவர்கள் நேரில் கூடும் நாள் வந்தது. கடலோர ஹோட்டல் ஒன்றின் மண்டபம். தலைமை நடுவர் றெஜினோல்ட். குகநேசனோடு ஒரே வருடத்தில் ஒஸ்லோவுக்கு வந்து, உடைந்த சங்கங்களில் ஒன்றின் பொருளாளராக இருந்து, பிறகு சங்கத்தமிழரை விட்டு விலகி, மதுபானப் பத்திரிகைகளில் எழுதி, வில்லுப்போன்ற கழுத்துப்பட்டி கட்டப் பழகிக்கொண்டவர். ஒரு ஜின்னை மணந்துவிட்டு, கல்மண்டபத்தில் வயலின் வாசித்து முடிந்தபின் மிஞ்சும் மௌனம் இதில் இருக்கிறது என்பார். இன்னொன்றில், தாயிடம் சொல்லாமல் போன மகனின் காலடிச் சத்தம் இருக்கிறது என்பார். எதிலாவது கொத்தமல்லி இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் கடதாசியைப் பார்ப்பார். அன்றைய நாயகன், ஓநாயும் மலையும் வரைந்த உயரமான போத்தலில் வந்த ஜின். மலையுச்சிக் குடிசையில், தாமிரச் சட்டியில், கையால் காய்ச்சியது என்று அதன் விளம்பரப் புத்தகம் சொன்னது. அந்தப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதியவர் றெஜினோல்ட் என்பதால் தங்கப் பதக்கம் எங்கே போகும் என்பது சோதிடம் பார்க்கத் தேவையில்லாத விசயமாக இருந்தது.

நடுவர்கள் ஒவ்வொருவராக மலைக்காற்றைப் பற்றிச் சொன்னார்கள். சிறிதேவியின் முறை வந்தது. மிடறை வாயில் வைத்துத் துப்பினாள். மண்டபத்துச் சரவிளக்குகளுக்குக் கீழே வெள்ளை ரியூப்லைற் வெளிச்சம் பரவியது. சீமெந்துத் தரையின் மணம் வந்தது. பின்பக்கமாக நகரும் பாரந்தூக்கி ஒன்று எங்கேயோ பீப் பீப் என்று கத்தியது. சோள வயல்களுக்கு நடுவே ஒரு பெரிய களஞ்சியம், அந்த ஜின்னைக் காய்ச்சியது அங்கேதான். கூரைக்குள் வானிலை ஏது? நோர்வேஜிய நடுவர்கள் நாகரிகமாகத் தங்கள் கடதாசிகளைப் பார்த்தார்கள். றெஜினோல்ட் தொண்டையைச் செருமி, இதுதான் நவீன மனிதனின் மலை என்றார். சிறிதேவி தன் தாளில் எழுதினாள்: சாராயம் சுத்தம், வாசனை அளவானது, மலை இல்லை. நடுத்தரப் புள்ளி போட்டாள். அது அந்த ஜின்னுக்குச் செய்த அநியாயமும் அல்ல, தயவும் அல்ல.

தேத்தண்ணி நேரத்தில் றெஜினோல்ட் அவளை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"தேவியக்கா, உங்கடை நாக்கை நான் மதிக்கிறன். ஆனா விழாவிலை வந்து ரியூப்லைற் போடுறது வடிவில்லை."

"நான் போடேல்லை, றெஜி. அதுக்குள்ளை இருந்தது."

"புள்ளியைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கோ. இல்லாட்டி, பாருங்கோ, கடைசிப் பெட்டி அனுப்புற ஆக்களின்ரை பட்டியல் இன்னும் முடிவாகேல்லை."

சிறிதேவி கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்த நேரத்தில் பதக்கமோ நேர்மையோ ஞாபகத்தில் இல்லை. சுவரைப் பார்த்துக் கிடக்கும் ஒரு முதுகுதான் இருந்தது. ஒரு புள்ளியைக் கூட்டினால் ஒரு போத்தல் வெயில். கேட்கிறவர்கள் எவரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள். வீட்டுக்குப் போய் அந்தப் போத்தலைத் திறக்கிறாள் என்று நினைத்துப் பார்த்தாள். இல்லாத மலையை இருக்கிறது என்று சொன்ன அதே நாக்கில் டெக்சாஸ் வெயில் நிற்குமா? ஆய்வுகூடத்தில் ஒருமுறை காறல் எண்ணெயை நல்லது என்று சொல்லிவிட்டால் பிறகு நல்லதும் காறலும் ஒன்றாகிவிடும் என்பது அவளுக்குத் தொழில்முறையில் தெரியும். இது ஒழுக்கம் பற்றிய விசயமே அல்ல, கருவியைக் கெடுக்கக்கூடாது என்ற விசயம்.

"இல்லாததை இருக்கெண்டு சொன்னா, பிறகு இருக்கிறதும் எனக்குத் தெரியாமல் போயிடும் தம்பி" என்றாள். பெட்டி வரவில்லை.

பிப்ரவரி தொடங்கியபோது, டெக்சாஸ் ஜின்னில் மிச்சமிருந்ததைச் சிறிதேவி கட்டிலடியில் நின்று நாளுக்கொரு மிடறாக இரண்டு நாள் செலவழித்தாள். முதல் நாள் குகநேசன் போர்வைக்குள் போனார். இரண்டாம் நாள் போகவில்லை, ஆனால் திரும்பவும் இல்லை. போத்தலின் அடியில் ஒரே ஒரு மிடறு நின்றது. அதைச் சனிக்கிழமைக்கென்று வைத்தாள். சோபிகாவும் வீட்டில் இருப்பாள், மகளைக் கண்டாவது திரும்புவார் என்று ஒரு கணக்கு.

ஆனால் பெரித் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை சிறிதேவியின் வீட்டில் வெயில் என்று படிக்கட்டு முழுவதும் சொல்லியிருந்தாள். அன்று மத்தியானம் கதவைத் திறந்தால், மாடிப்படிகளில் சனம் வரிசையாக நின்றது. நோர்வேஜியர்கள் மான்தோலோடும் தோடம்பழத்தோடும். தமிழர்கள் பாயோடும், வடகத் தட்டுகளோடும், ஊறவைத்த மிளகாயோடும். முன்னுக்கு நின்றவள் இரண்டாம் மாடிப் புஷ்பமலர். போகச் சொல்லுவோமா என்று சோபிகா கேட்டாள். சிறிதேவி குவளையில் கடைசி மிடறோடு படுக்கையறை வாசலில் நின்றாள். அப்போது, சுவர்ப்பக்கமிருந்து, நவம்பருக்குப் பிறகு முதல்தரமாக, அந்த முதுகு ஒரு கேள்வி கேட்டது.

"ஆர் வெளியிலை?"

இவரை இழுக்க வெயில் காணாது, சனம்தான் வேண்டும் என்று அவளுக்குப் பட்டது. கதவைச் சாத்தாமல் திறந்தபடி விட்டு, திரும்பி ஹோலுக்கு வந்தாள். சனத்தை உள்ளே விடும்படி மகளுக்குக் கையைக் காட்டினாள். கடைசி மிடறை வாயில் வைத்து, நாக்கு முழுவதும் உலாவவிட்டு, துப்பினாள். வெயில் விழுந்தது.

மூன்று பாய் அகலத்து வெயிலுக்குள் ஒரு கட்டிடம் முழுவதும் அடங்காது என்பதை ஒருவரும் முன்கூட்டி நினைக்கவில்லை. முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இடித்தார்கள், பிறகு கேட்காமல் இடித்தார்கள். பெரித் காலை நீட்டினாள். அது புஷ்பமலரின் வடகத் தட்டுக்குள் போனது. "இது சாப்பாட்டுச் சாமான் மனுசி, காலை எடுங்கோ" என்று புஷ்பமலர் தமிழில் சொல்ல, வெயில் மனிதருக்கா மரக்கறிக்கா என்று பெரித் நோர்வே மொழியில் கேட்டாள். முதல் மாடிக்காரர் ஒருவர், வயதானவர்களுக்கு முன்னுரிமை என்றார். குழந்தை உள்ளவர்களுக்கு என்றார் இன்னொருவர். கட்டிட நிர்வாகசபையில் இருப்பவர் ஒருவர், வெயில் பொதுச் சுவரைத் தொடுவதால் அது பொதுச் சொத்து என்றார். வாக்கெடுப்பு வைப்போம் என்று ஒரு குரல் வந்தது. எதைப் பற்றி என்று யாருக்கும் தெரியாமலே பலர் கையை உயர்த்தினார்கள். சோபிகா இரண்டு மொழியிலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடித் திரிந்தாள். சிறிதேவி வெயிலுக்கு நடுவே வாயை இறுக மூடியபடி நின்றாள். கதைத்தால் ருசி போகும். ருசி போனால் வெயில் போகும். வெயில் போனால் சனம் போகும்.

இதையெல்லாம் திறந்த கதவின் வழியாக ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் தொடங்கியதாக ஒருவரும் அறிவிக்கவில்லை. நிகழ்ச்சி நிரல் இல்லை. ஒரு பிரேரணை வழிமொழியப்படாமலே வாக்கெடுப்புக்குப் போகிறது. ஒரே நேரத்தில் ஐந்து பேர் பேசுகிறார்கள், ஐவரும் எழும்பாமல் இருந்தபடியே. தோல்வியைத் தாங்கலாம், இருட்டைத் தாங்கலாம், உடைந்த கேடயத்தையும் தாங்கலாம். இதைத் தாங்க அந்த உடம்பு பழக்கப்படவில்லை. கட்டில் கிறீச்சிட்டது. சாரமும், அதற்கு மேல் போர்வையும், நரைத்த தாடியுமாகக் குகநேசன் ஹோல் வாசலில் வந்து நின்றார்.

"இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் ஆர்?" என்றார்.

உயர்ந்திருந்த கைகள் இறங்கின. சிறிதேவி வாயைத் திறக்காமல் கையை நீட்டி அவரைக் காட்டினாள். குகநேசன் போர்வையைத் தோளில் சரிசெய்துகொண்டு, தான் இப்போது எந்தப் பதவியிலும் இல்லை என்றார். சோபிகா அதை மொழிபெயர்த்தாள். பெரித் வெயிலில் இருந்து கண்ணைத் திறக்காமலே, தலைவர் தேவையில்லை, ஊர்ட்ஸ்தீரர் ஒருவர் இருந்தால் போதும் என்றாள். நோர்வேஜியரின் கூட்டங்களில் அப்படி ஒருவர் இருப்பார். அடுத்து ஆர் பேசுவது, எவ்வளவு நேரம் பேசுவது என்று முறை கொடுப்பது மட்டும்தான் அவருடைய வேலை. அவருக்கு மாலை கிடையாது, பொன்னாடை கிடையாது, நினைவுக் கேடயம் கிடையாது, ஏன், தான் பேசுவதற்கு உரிமைகூடக் கிடையாது. குகநேசன் முப்பது வருடத்தில் அந்தக் கதிரையில் இருக்கச் சம்மதித்ததே இல்லை. இப்போது குசினிக் கதிரை ஒன்றை இழுத்துவந்து, வெயிலுக்கு வெளியே, இருட்டு விளிம்பில் போட்டு இருந்தார்.

முதலில் புஷ்பமலருக்கு முறை கொடுத்தார், பிறகு பெரித்துக்கு. நிர்வாகசபைக்காரர் பொதுச் சுவரைப் பற்றி நீட்டத் தொடங்கியபோது, "நேரம் முடிஞ்சுது" என்றார். அந்த வார்த்தையை அவர் வாழ்க்கையில் பலரும் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள், அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. பேசாமல் மூலையில் நின்ற ஒரு முதியவரைத் தேடிப் பிடித்துப் பேச வைத்தார். உரிய முறையில் பிரேரித்து, உரிய முறையில் வழிமொழிந்து, இனிமேல் மத்தியானம்வரை மரக்கறிக்கும் பிறகு மனிதருக்கும் வெயில் என்று ஒரு தீர்மானம் உருவாகிக்கொண்டிருந்தது. வெயில் கொஞ்சம் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. சிறிதேவியின் நாக்கில் கள்ளிப்பழம் போய்விட்டது, தோடம்பழத் தோலும் போய்விட்டது, யூனிப்பர் மட்டும் ஒரு நுனியில் ஒட்டிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் நில் என்று அவள் அதைக் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, குகநேசன் அவளைப் பார்த்தார்.

"எல்லாரும் கதைச்சாச்சு. வீட்டுக்காரியிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. சிறிதேவி, உம்மடை அபிப்பிராயம் என்ன?"

ஏழு சங்கம், முப்பது வருடம், எண்ணிக்கையில்லாத கூட்டம். அத்தனைக்கும் தேத்தண்ணி ஊற்றியவளிடம் இந்தக் கேள்வி வந்தது இதுதான் முதல்தடவை. சோபிகா தாயைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினாள். வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். சிறிதேவிக்கும் தெரியும். சனம் மான்தோலில் இருந்தபடி காத்திருந்தது. சிறிதேவி புருசனின் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ கிழமைக்குப் பிறகு அது சுவர்ப்பக்கம் இல்லாமல் அவள் பக்கம் இருந்தது.

"எனக்கு ஒண்டுதான்" என்றாள். "கூட்டத்தை முடிச்சுப் போடாதையுங்கோ."

வெயில் போய்விட்டது. யன்னலுக்கு வெளியே பிப்ரவரியின் நீல இருட்டு இருந்தது. ஹோலுக்குள்ளும் அதுவே வந்து நிறைந்தது. வடகத் தட்டுகள் சாம்பல் நிறமாயின. பெரித் கண்ணைத் திறந்து, சால்வையை எடுத்துப் போர்த்துக்கொண்டாள். ஒருவர் எழும்பலாமா என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். குகநேசன் கூரையை அண்ணாந்து பார்த்தார். திறந்து கிடந்த படுக்கையறைக் கதவையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். உள்ளே கட்டில் தெரிந்தது.

"பிள்ளை, லைற்றைப் போடு" என்றார் மகளிடம். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "அடுத்தது ஆர்?" என்றார்.

அன்றைய கூட்டம் இரவுச் சாப்பாடுவரை நடந்தது. தீர்மானம் நிறைவேறி, கட்டிடத்தின் வீட்டு ஒழுங்குகளில், சைக்கிள் நிறுத்துவதற்கும் கம்பளம் உதறுவதற்கும் இடையில் சேர்க்கப்பட்டது. ஓநாய் ஜின்னுக்குத் தங்கம் கிடைத்தது, டெக்சாஸ் ஜின்னுக்கு வெண்கலம். இதனால் இரண்டினதும் ருசி மாறவில்லை. அடுத்த வருடம் நடுவர் குழு சிறிதேவியைத் திரும்ப அழைத்தது. பார்வையாளர்கள் குடையோடு வந்து முன்வரிசையில் இடம் பிடிப்பதைக் கண்ட றெஜினோல்ட், வானிலைச் சுவைப்பு என்பது ஆரம்பத்திலிருந்தே தன்னுடைய யோசனை என்று ஒரு கட்டுரை எழுதினார். அவள் அதைத் திருத்தப் போகவில்லை, ஆனால் கொத்தமல்லி எது ஏலம் எது என்று அவருக்கு ஆறுதலாகக் காட்டிக் கொடுத்தாள். சனிக்கிழமைகளில் நாலாம் மாடியில் கூட்டம் வழமையாயிற்று. பெட்டி வந்தால் வானிலையோடு, வராவிட்டால் லைற் வெளிச்சத்தில்.

இந்த நவம்பரிலும் இருட்டு இறங்கியது. குகநேசன் சில காலைகளில் எழும்பவில்லை, சில காலைகளில் எழும்பினார். போன சனிக்கிழமை சிறிதேவி வெர்மொன்ட் மாநிலத்து ஜின் ஒன்றைச் சுவைத்தாள். ஹோலுக்குள் இலையுதிர்காலத்து மழை மெல்லத் தூறியது. வந்தவர்கள் குடைகளை விரித்துக்கொண்டு இருந்தார்கள். குகநேசன் படுக்கையறையிலிருந்து தாமதமாக வந்து, நனைந்த குசினிக் கதிரையைக் கையால் துடைத்துவிட்டு, அதில் இருந்து, முதலில் ஆர் பேசுவது என்று கேட்டார்.